மென்பொருள் வித்தையும் நமது கலாசாலைகளும்

தாம்பரம் ரெயில்வே ஸ்டேஷனில் காலை எட்டு மணிக்கு ஒரு நாழிகை நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு, நமது தேசத்து வாலிபர்கள் எந்தத் திக்கை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பது ஒருவாறு விளங்கிவிடும். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது 1931-ம் வருஷத்தில். அன்று பட்டணத்துக்கு வெளியே ஒதுங்கிக் கிடந்த ஊர் இன்று ஒரு மாநகராட்சியின் தலைமை ஸ்தானமாக விளங்குகிறது. கழுத்தில் அடையாள அட்டையும் முதுகில் கனத்த பையுமாக வந்து இறங்குகிற வித்தியார்த்திகள் குரோம்பேட்டைக்கும், சேலையூருக்கும், வண்டலூருக்கும், காட்டாங்கொளத்தூருக்கும் பிரிந்து போகிறார்கள். கலாசாலை பஸ்கள் வரிசையாக நின்று அவர்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. இவர்களில் கம்ப்யூட்டர் சாஸ்திரம் பயில்கிறவர்கள் ஏராளம்.

இவர்கள் படிக்கும் பாடங்களில் இரண்டைப் பற்றி இன்று நமது நேயர்களுடன் பேச விரும்புகிறோம். ஒன்று, ‘மென்பொருள் பொறியியல்’. மற்றொன்று, ‘மென்பொருள் திட்ட நிர்வாகம்’. தேச விவகாரங்களை விவாதிக்க வேண்டிய பத்தியில் கலாசாலைப் பாடப் புஸ்தகத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நமது முன்னோர் பருத்தியை மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றிவிட்டு, அதே பருத்தியில் நெய்த வேஷ்டியைப் பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கினார்கள் என்று நாம் மேடைதோறும் முழங்கினோம். இப்பொழுது நடப்பது என்ன? நமது பிள்ளைகளின் மூளை உழைப்பை ஆள் கணக்கிலும் மணிக் கணக்கிலும் அன்னிய தேசத்தாருக்கு விற்கிறோம். அங்கே அது பண்டமாக உருவாகித் திரும்பி வருகிறது. அந்தப் பண்டத்துக்கு மாதா மாதம் வாடகை கட்டுகிறோம். இந்த வியாபாரத்தில் கூலிக்காரனுக்கும் பண்டத்துக்கு உடையவனுக்கும் உள்ள பேதம் எங்கே இருக்கிறதென்று ஆராய்ந்தால், அது மேற்சொன்ன இரண்டு பாடங்களில் கொண்டுபோய் விடுகிறது. கம்ப்யூட்டருக்கு ஆணை எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடம் குவிந்து கிடக்கிறார்கள். ஒரு பெரிய வேலையை ஆதியோடந்தமாக வகுத்து, தேவையைக் கேட்டறிந்து, ஆட்களை நடத்தி, சோதித்து, முடித்துக் கொடுக்கத் தெரிந்தவர்கள்தான் வேண்டியிருக்கிறது.

இந்த வித்தையின் பிறப்பைச் சற்றுப் பார்ப்போம். 1968-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், ஜெர்மனியில் கார்மிஷ் என்னும் மலையூரில், நேட்டோ தேசங்களின் ஆதரவில் ஒரு மகாநாடு கூடிற்று. சுமார் ஐம்பது நிபுணர்கள் வந்திருந்தார்கள். யந்திரங்கள் வருஷத்துக்கு வருஷம் மலிந்து வலுத்துவர, அவற்றை இயக்கும் மென்பொருள் மட்டும் குறித்த காலத்தில் முடியாமலும், குறித்த செலவில் அடங்காமலும், முடிந்த பின்னும் பிழை மலிந்தும் இருப்பதேன் என்பதே அவர்களுடைய கவலை. பாலம் கட்டுகிறவன் கணக்குப் போட்டுக் கட்டுவதுபோல் இதையும் செய்ய முடியுமா என்று கேட்டார்கள். ‘மென்பொருள் பொறியியல்’ என்ற பெயர் அந்த மகாநாட்டுக்குப் பிறகுதான் உலகமெங்கும் பரவிற்று. நம் தேசத்தில் டாட்டா நிறுவனத்தார் தங்கள் கம்ப்யூட்டர் ஸ்தாபனத்தைத் தொடங்கியதும் அதே 1968-ம் வருஷந்தான். ஆகையால் நாம் இந்தப் பந்தயத்தில் பிந்தி வந்தவர்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இடமில்லை.

கலாசாலையில் இந்தப் பாடத்தை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? முதலில் தேவைகளைச் சேகரித்தல், பிறகு வரைபடம் வகுத்தல், பிறகு எழுதுதல், பிறகு சோதித்தல், பிறகு பராமரித்தல் என்று அருவி படிப்படியாக விழுவதுபோல் ஒரு படம் போட்டு, அதற்கு ‘அருவி முறை’ என்று பெயர் சொல்லி, அதன் குணம் ஐந்தும் குற்றம் ஐந்தும் எழுதச் சொல்கிறார்கள். இந்தப் படத்தின் மூலம் 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கர் எழுதிய கட்டுரை. அந்தக் கட்டுரையிலேயே அவர், இப்படி ஒரே நடையாக இறங்கிப் போவது ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்று எச்சரித்துவிட்டு, முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டே செல்ல வழி சொல்லியிருக்கிறார். படத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டது உலகம். நமது வித்தியார்த்திகளும் படத்தையே நெட்டுருப் போடுகிறார்கள். பதின்மூன்று மார்க்குக் கேள்விக்கு அது போதும் என்பது வாஸ்தவம்.

திட்ட நிர்வாகப் பாடத்திலோ ஒரு விஷயம் நமது வாசகர்களில் விவசாயம் தெரிந்தவர்களுக்கு எளிதில் புரியும். பிரெடெரிக் புரூக்ஸ் என்பவர் ஐ.பி.எம். கம்பெனியில் மிகப் பெரிய மென்பொருள் வேலை ஒன்றை நடத்தி, பட்டறிந்து, 1975-ல் ஒரு புஸ்தகம் எழுதினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அவர் கண்ட விதி. நடவுக்கு ஆள் அதிகம் போட்டால் வயல் சீக்கிரம் முடிகிறது. நாற்றங்காலிலோ இருபத்தைந்து நாளில் வளர வேண்டிய நாற்று, இருபது பேர் வரப்பில் நின்று காவல் காத்தாலும் இருபத்தைந்து நாளில்தான் வளரும். மேலும் மென்பொருள் வேலையில் ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஐந்து பேர் சேர்ந்தால் இருவர் இருவராகப் பேச வேண்டிய வழிகள் 10. பத்துப் பேராகும்போது அது 45. இருபது பேரானால் 190. வந்து சேர்ந்த புதியவனுக்கு விஷயத்தைச் சொல்லிக்கொடுக்கப் பழையவன் தன் வேலையை நிறுத்த வேண்டியிருக்கிறது. இதை அறியாத மேஸ்திரிகள் சென்னையிலும் இருக்கிறார்கள், அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். ஆள் கணக்கில் பணம் வாங்குகிற வியாபாரத்தில் ஆட்களைக் குறைக்கச் சொல்லும் விதி யாருக்கு ருசிக்கும்?

நிற்க. இவையெல்லாம் மேனாட்டார் கண்ட விதிகள், நமக்கென்று ஒரு பாரம்பரியம் இல்லையா என்று கேட்பவர்களை, தாம்பரத்துக்கு இரண்டு ஸ்டேஷன் வடக்கே குரோம்பேட்டைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அங்கே சி. ராஜம் என்ற தமிழ்நாட்டுத் தொழிலதிபர், தாம் குடியிருந்த ‘இந்தியா ஹவுஸ்’ என்னும் மாளிகையை விற்றுப் பணம் சேர்த்து, 1949-ம் வருஷத்தில் சென்னைத் தொழில் நுட்பக் கலாசாலையை ஸ்தாபித்தார். எம்.ஐ.டி. என்று ஜனங்கள் அழைப்பது அதைத்தான். தேசம் சுயராஜ்யம் பெற்று இரண்டு வருஷங்கூட ஆகவில்லை. ஆகாய விமானம், மோட்டார் வாகனம், எலெக்ட்ரானிக்ஸ், நுட்பக் கருவிகள் ஆகிய புதிய துறைகளைப் பட்டதாரிகளுக்குப் போதிப்பதென்று அவர் துணிந்தார். 1978-ல் அது அண்ணா சர்வகலாசாலையின் ஓர் அங்கமாயிற்று.

அந்தக் கலாசாலையில் 1950-களின் நடுவில் படித்த ராமேசுவரத்துப் பிள்ளை ஒருவர், பிற்காலத்தில் ராஷ்டிரபதியானவர், தம் சுயசரிதையில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். தாழப் பறந்து தாக்கும் போர் விமானம் ஒன்றை வடிவமைக்கும்படி ஒரு குழுவுக்குப் பணி தரப்பட்டது. காற்றின் போக்குக்கேற்ற உருவத்தை வரையும் பொறுப்பு அப்துல் கலாமுடையது. யந்திரம், கட்டுமானம், கட்டுப்பாடு, கருவிகள் ஆகியவற்றை மற்றத் தோழர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் கலாசாலையின் தலைவரும் வடிவமைப்பு ஆசிரியருமான பேராசிரியர் ஸ்ரீனிவாசன் வேலையைப் பார்வையிட்டு, மிகவும் மோசமென்று சொல்லிவிட்டார். கலாம் ஒரு மாத அவகாசம் கேட்டார். மூன்று நாள் தருகிறேன், திங்கட்கிழமை காலைக்குள் வராவிட்டால் உபகாரச் சம்பளம் நிறுத்தப்படும் என்றார் ஆசிரியர். உபகாரச் சம்பளமில்லாமல் படிப்பேது? அன்றிரவு கலாம் உண்ணாமல் உறங்காமல் வரைந்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை முடிகிற சமயத்தில் அறைக்குள் யாரோ நிற்பது தெரிந்து திரும்பிப் பார்த்தால், டென்னிஸ் உடையோடு பேராசிரியர். பார்த்துவிட்டுத் தட்டிக்கொடுத்தார்.

ஏழை மாணவனின் உபகாரச் சம்பளத்தைக் காட்டி மிரட்டுவதை நாம் சிலாகிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அதே முறையை இன்று ஓர் ஆசிரியர் கையாண்டால் இந்தப் பத்தியிலேயே கண்டிப்போம். நாம் கவனிக்கச் சொல்வது வேறு. வேலை பாதியிலிருக்கையில் அதை உட்கார்ந்து பார்த்தவர் ஒருவர் இருந்தார். பங்கு பிரித்துக்கொண்ட ஐவரில் ஒருவர் பிந்தினால் மற்ற நால்வரின் வேலையும் நின்றுபோகும் என்று அறிந்தவர் அவர். கெடு கொடுத்தவர், விடுமுறை நாளில் விளையாட்டை விட்டுவிட்டுக் கெடுவுக்கு முன்னதாகவே வந்து நின்றார். திட்ட நிர்வாகம் என்ற சொல் பாடப் புஸ்தகத்தில் ஏறாத காலத்தில் நடந்த திட்ட நிர்வாக வகுப்பு அது.

அந்த வகுப்பின் பலனும் பின்னால் சோதனைக்கு வந்தது. எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் திட்டத்துக்குக் கலாம் தலைவராக இருந்தார். 1979-ம் வருஷம் ஆகஸ்டு 10-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில், புறப்படுவதற்குச் சில நிமிஷங்களுக்கு முன் கம்ப்யூட்டர் நிறுத்தச் சொல்லிற்று. நிபுணர்கள் தங்கள் கணக்கின்மீது நம்பிக்கை வைத்துப் போகலாம் என்றார்கள். கம்ப்யூட்டரின் தடையைத் தாண்டிச் செலுத்த உத்தரவிட்டார் கலாம். ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. பத்திரிகை நிருபர்களுக்கு முன் வந்து நின்று பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டவர் ஸ்தாபனத்தின் தலைவர் சதீஷ் தவான். அடுத்த வருஷம் ஜூலை 18-ந் தேதி ரோகிணி விண்ணை எட்டியபோது, நிருபர்களிடம் நீர் போய்ப் பேசும் என்று கலாமை அனுப்பிவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார். யந்திரம் ‘நில்’ என்றபோது நிற்காததையும் ஒளிக்காமல் கலாம் பிற்காலத்தில் மேடைதோறும் சொல்லிவந்தார். இப்படிப்பட்ட விஷயம் நமது பாடத்திட்டத்தில் ‘அபாய நிர்வாகம்’ என்ற தலைப்பில் நாலு வரியாக இருக்கிறது. ஆனால் குரோம்பேட்டையில் படித்தவரின் கதை குரோம்பேட்டைப் பிள்ளைகளின் விடைத்தாளில் வருவதில்லை.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். கடைசி வருஷத்தில் ஒவ்வொரு வித்தியார்த்தியும் மூன்று நான்கு பேர் சேர்ந்த குழுவாக ஒரு திட்டம் செய்து முடித்து, அறிக்கை எழுதி, வாய்மொழிப் பரீட்சை கொடுக்க வேண்டும். படித்த இரண்டு பாடங்களும் கைக்கு வர வேண்டிய இடம் அதுவே. அதற்கென்று ‘பிராஜக்ட் சென்டர்’ என்று பலகை மாட்டிய கடைகள் தோன்றியிருப்பதைப் பட்டணத்தில் யாரும் அறிவர். அங்கே சில ஆயிரம் ரூபாய்க்கு மென்பொருளும் கிடைக்கும், அறிக்கையும் கிடைக்கும், கேட்கப்படும் கேள்விகளுக்கு விடையும் கிடைக்கும். அட்டையில் பொன்னெழுத்து பதித்துக் கட்டிக்கொடுப்பது தனிக் கூலி. சென்ற மாதம் மின்சார ரெயிலில் நமக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மாணவரின் மடியில் அப்படிப்பட்ட புஸ்தகம் ஒன்று இருந்தது. விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர். ஸர்க்கார் பள்ளியில் தமிழில் படித்து, 2021-ல் தொழிற் கல்விக்கு ஏற்படுத்தப்பட்ட 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் இடம் பெற்றவர். முகத்தைக் கண்டு வருகைப் பதிவு செய்யும் மென்பொருளாம்.

“தம்பி, இது யாருக்காகச் செய்தது?” என்று கேட்டோம்.

“வைவாவுக்கு, சார்” என்றார்.

“அதைக் கேட்கவில்லை. இதை உபயோகிக்கப் போகிறவர் யார்? அவரிடம் போய் என்ன வேண்டுமென்று கேட்டீர்களா?”

அவர் சிறிது நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “அப்படி யாரும் இல்லை, சார். போன வருஷத்து அண்ணன்மார் இதையே செய்தார்கள். அதற்கு முந்தின வருஷத்தாரும் இதையேதான்.” பிறகு தாமாகவே, “உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் நாலு பேருக்கும் முழுசாகத் தெரியாது” என்றார்.

இந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல் பிறர் எழுதியதை எடுத்துப் பொருத்துவது பெரிய தேசங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 1996-ம் வருஷம் ஜூன் 4-ந் தேதி ஐரோப்பியர்களின் ஏரியான்-5 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பி ஏறக்குறைய 37 செகண்டுகளில் தடம் மாறிச் சிதறிற்று. அதற்கு முந்தின ஏரியான்-4 ராக்கெட்டில் குறைவின்றி ஓடிய மென்பொருளை அப்படியே எடுத்து இதில் வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். 64 பிட்டில் இருந்த ஓர் எண்ணை 16 பிட்டுக்குள் அடக்கப் பார்த்தபோது அது கொள்ளவில்லை. அந்தக் கணக்கோ, ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பிய பிறகு தேவையே இல்லாத ஒன்று. புதிய பிரயாணத்துக்கு ஏற்றபடி அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. ஐரோப்பியர் விசாரணைக் குழு வைத்து, தவறை இன்னதென்று உலகறிய வெளியிட்டார்கள். நம் பிள்ளைகள் கடையில் வாங்கும் திட்டம் பரீட்சை அறையைத் தாண்டிப் போவதில்லையாதலால் வெடிப்பதுமில்லை, விசாரணையுமில்லை.

இதற்கு மாற்று என்ன? இவ்விஷயத்தில் சென்னைக்குச் சம்பந்தமுள்ள ஒரு பெரியவரை நினைவுபடுத்துகிறோம். வாட்ஸ் ஹம்ப்ரி என்ற அமெரிக்கர் ஐ.பி.எம்.மில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்துவிட்டு, 1986-ல் கார்னெகி மெலன் சர்வகலாசாலையைச் சேர்ந்த மென்பொருள் பொறியியல் ஸ்தாபனத்துக்கு வந்தார். நிறுவனங்களின் வேலைத் திறத்தை ஐந்து படிகளாக வகுத்த முறைக்கு மூலபுருஷர் அவரே. அந்த ஐந்தாம் படியின் நற்சாட்சிப் பத்திரத்தை வாங்கிச் சுவரில் மாட்டிக்கொள்வதில் இந்தியக் கம்பெனிகள் உலகத்தையே முந்திக்கொண்டன. 2000-ம் வருஷத்தில் சென்னையில் ஒரு மென்பொருள் தர ஸ்தாபனத்துக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். அந்த வருஷத்தில்தான் தரமணியில் டைடல் பூங்காவும் திறக்கப்பட்டது.

ஹம்ப்ரி கம்பெனிகளோடு நிற்கவில்லை. தனி மனிதன் தன் வேலையைத் தானே அளந்து பார்க்க ஒரு முறை வகுத்தார். அது மிகவும் எளியது. வேலையைத் தொடங்குமுன், இது எத்தனை வரி வரும், எத்தனை மணி பிடிக்கும் என்று தன் மனதுக்குத் தோன்றுவதை எழுதிவைக்க வேண்டும். வேலை செய்கையில் தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், நடுவில் வீணான நேரம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். கண்ட பிழை ஒவ்வொன்றையும், அது எந்தக் கட்டத்தில் நுழைந்தது, எந்தக் கட்டத்தில் அகப்பட்டது, திருத்த எத்தனை நிமிஷமாயிற்று என்று பதிய வேண்டும். கடைசியில் மதிப்பையும் நடப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்துத் தடவை இப்படிச் செய்தவன், ‘இதை முடிக்க எத்தனை நாளாகும்?’ என்று யாராவது கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்ல மாட்டான்.

நமது நேயர்களுக்கு இது எங்கேயோ கேட்டதுபோல் தோன்றும். லண்டனில் மாணவராயிருந்தபோது காந்தியடிகள் செலவழித்த ஒவ்வொரு காசையும் குறித்து வைத்து, இரவு படுக்கப் போகுமுன் இருப்பைச் சரிபார்த்ததாகச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் லட்சக்கணக்கான பொதுப் பணத்தை நிர்வகிக்க அந்தப் பழக்கமே தமக்குக் கை கொடுத்தது என்கிறார். இதற்குச் செலவு ஒரு நோட்டுப் புஸ்தகம். கலாசாலைகள் இதை முதல் வருஷத்திலிருந்தே கட்டாயமாக்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பிழைக் கணக்கைப் பார்த்து மார்க்குக் குறைக்கக் கூடாது. குறைத்தால் மறுநாளே எல்லாருடைய நோட்டிலும் பிழை பூஜ்யமாகிவிடும். கம்பெனிகளில் நற்சாட்சிப் பத்திரங்களுக்கு இதே கதி நேர்ந்ததென்று, உள்ளே இருந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

தேவையைக் கேட்டறிதல் என்ற முதற் படிக்கும் தாம்பரத்தைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. 2015-ம் வருஷம் டிசம்பர் மாதம் முதல் தேதியும் இரண்டாந் தேதியும் நினைவிருக்கும். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. எந்தத் தெருவில் தண்ணீர், எந்த வழி திறந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாத அந்த வேளையில், தொண்டர்கள் சிலர் சேர்ந்து எல்லாரும் திருத்தக்கூடிய திறந்த உலகப் படத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு, மூழ்கிய தெருக்களை ஜனங்களே தொட்டுக் குறிக்கும்படி ஒரு மென்பொருளை அவசர அவசரமாக அமைத்து வெளியிட்டார்கள். அதற்கு அருவிப் படமும் இல்லை, பொன்னெழுத்து அட்டையும் இல்லை. உபயோகிக்கிறவனுக்கு என்ன வேண்டுமென்பது செய்கிறவனுக்குத் தெரிந்திருந்தது. மழை நின்ற பிறகு அதைப் பராமரிப்பது யார், அடுத்த மழைக்கு ஆயத்தமாக வைப்பது யார் என்பவை வேறு கேள்விகள். அவைதான் திட்ட நிர்வாக வகுப்பில் கேட்கப்பட வேண்டியவை.

மழை வேண்டாம், சாதாரண நாளையே எடுத்துக்கொள்வோம். தாம்பரம் சானடோரியத்தில் 1928-ம் வருஷத்தில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தொடங்கிய க்ஷயரோக ஆஸ்பத்திரி இன்று நெஞ்சக நோய்களுக்கான ஸர்க்கார் ஆஸ்பத்திரியாக நடக்கிறது. அதே பகுதியில் தேசிய சித்த வைத்திய ஸ்தாபனம் இருக்கிறது. ஏற்றுமதித் தொழில் வளாகமும் அங்கேதான். சீட்டுக்கு நிற்கிற நோயாளிகளும், மருந்து கொடுக்கிறவர்களும், தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கிற பெண்களும், ஏரி மதகைத் திறக்கும் ஊழியர்களும் ஒரு மைல் இரண்டு மைல் சுற்றளவில் இருக்கையில், இத்தனை கலாசாலைகளின் பிள்ளைகள் வருஷந்தோறும் வருகைப் பதிவையே திரும்பத் திரும்பக் கட்டுகிறார்கள்.

இங்கே பாஷை விஷயம் குறுக்கிடுகிறது. தேவைகளைச் சேகரிப்பதென்பது ஒரு மனிதனிடம் போய் உட்கார்ந்து பேசிக் கேட்பது. மருந்துச் சீட்டு எழுதுகிற நர்ஸம்மாள் தன் சங்கடத்தைத் தமிழில்தான் சொல்வார். ‘சொன்னதைச் சரியாக எழுதியிருக்கிறார்களா’ என்று அவரே படித்துப் பார்த்து ஒப்புக்கொள்வது இந்த வித்தையில் ஒரு முக்கியமான கட்டம். நமது பிள்ளைகள் அந்தப் பத்திரத்தை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். அது நர்ஸம்மாளுக்குத் தெளிவாகப் படிக்க வராது. எழுதின பிள்ளைக்கும் பாதிதான் புரிந்திருக்கும். இருவருக்கும் நன்கு தெரிந்த ஒரு பாஷை இருக்க, இருவரும் தடுமாறுகிற பாஷையில் ஒப்பந்தம் நடக்கிறது. 2010-ல் அண்ணா சர்வகலாசாலை கட்டடப் பொறியியலையும் யந்திரப் பொறியியலையும் தமிழில் போதிக்க முன்வந்தது. கம்ப்யூட்டர் பாடம் முழுவதையும் நாளைக்கே தமிழாக்க வேண்டுமென்று நாம் பிடிவாதம் செய்யவில்லை. உலக வியாபாரத்துக்கு ஆங்கிலம் வேண்டும். தேவைப் பத்திரத்தையும், உபயோகிப்போர் கையேட்டையும், வாய்மொழிப் பரீட்சையில் ஒரு பகுதியையும் தமிழில் நடத்துவதற்கு எந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது? தமிழுக்குக் கம்ப்யூட்டர் விசைப்பலகை 1999-லேயே வகுக்கப்பட்டுவிட்டது.

இதை இப்பொழுது செய்ய வேண்டிய அவசரம் ஒன்று ஏற்பட்டிருக்கிறது. கேட்டால் தானே மென்பொருள் வரிகளை எழுதிக் கொடுக்கும் யந்திரங்கள் சந்தைக்கு வந்துவிட்டன. வரிக்குக் கூலி வாங்கிப் பிழைக்கலாம் என்று நம்பிப் பிள்ளைகளைச் சேர்த்த தகப்பன்மார்களுக்கு இது நல்ல செய்தியல்ல. ‘பிராஜக்ட் சென்டர்’காரருக்கும் நல்ல செய்தியல்ல, அவர் சரக்கு இனி இனாமாகக் கிடைக்கும். யந்திரம் எழுதித் தருவது சரிதானா என்று சோதிக்கவும், எதை எழுதச் சொல்ல வேண்டும் என்று ஜனங்களிடம் கேட்டறியவும், பலருடைய வேலையை ஒன்றாகக் கோக்கவும், பொறுப்பேற்றுக் கையெழுத்திடவும் மனிதர்கள் வேண்டும். பரீட்சைக்கு மறுநாள் மறக்கப்படுகிற அந்த இரண்டு பாடங்களும் இவற்றைத்தான் போதிக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் வீட்டிலிருந்தே படிக்கும்படி தொடங்கிய பட்டப் படிப்பில் மென்பொருள் பொறியியலைக் குழுவாகச் செய்யும் வேலையோடு சேர்த்து வைத்திருப்பதை மற்றக் கலாசாலைகள் கவனிக்கலாம்.

சர்வகலாசாலை அதிகாரிகளை நாம் கேட்பது அதிகமில்லை. கடைசி வருஷத் திட்டத்துக்குப் பெயர் கொடுக்கும்போதே, அதை உபயோகிக்கப் போகிற ஒரு மனிதரின் பெயரையும் கையெழுத்தையும் கேளுங்கள். வாய்மொழிப் பரீட்சையன்று அவரையும் பரீட்சகர்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். நடுவில் இரண்டு தடவையாவது ஆசிரியர் வேலையைப் பார்த்துக் குறிப்பெழுதட்டும். அதற்கு வேண்டிய நேரம் ஆசிரியருக்கு இருக்கும்படி வகுப்புகளைச் சிறிதாக்குங்கள். பிந்திய செலவைத் தாங்க மாட்டோம் என்று தனியார் கலாசாலைகளின் தர்மகர்த்தாக்கள் சொல்வார்கள். வளாக வாசலில் எழுப்புகிற வளைவுகளின் செலவைத் தாங்குகிறவர்கள் இதையும் தாங்கலாம்.

ரெயிலில் நாம் கண்ட மாணவர் சானடோரியம் ஸ்டேஷன் வந்ததும் எழுந்து நின்றார். பொன்னெழுத்துப் புஸ்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “எங்கள் அம்மாவுக்குச் சித்த ஆஸ்பத்திரியில்தான் சார் வைத்தியம். மாதம் ஒரு தடவை ஊரிலிருந்து வருவார்கள். காலையில் டோக்கனுக்கு நின்றால் மருந்து வாங்க மத்தியானமாகிவிடும்” என்றார். வாய்மொழிப் பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டோம். ஏழு வாரம் என்றார். அந்தத் தோழர் மூவரையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை காலையில் டோக்கன் கொடுக்குமிடத்தில் போய் நின்று, முதலில் வருகிறவர் முதல் கடைசியில் வருகிறவர் வரையில் ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிஷம் ஆகிறதென்று குறித்துப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.